ஊமைச் செக்

உலகத்தில் மனிதர்கள் மொத்தம் ஏழு வகை என்பதைக் கண்டுபிடித்தவர் லண்டன் குட்மேய்ஸ் தில்லையம்பலம். அவருக்கு முன்னரும் பலர் முயன்றிருக்கிறார்கள். சாதியால் பிரித்தார்கள், சமயத்தால் பிரித்தார்கள், நட்சத்திரத்தால் பிரித்தார்கள், ஊசி குத்தி இரத்தம் எடுத்தும் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. காரணம், அவர்களில் எவரும் வங்கியில் வேலை செய்தவர்கள் அல்லர். தில்லையம்பலம் செய்திருந்தார். யாழ்ப்பாணத்தில், ஒரு வங்கிக் கிளையில், இரண்டு வருடமும் நாலு மாதமும். அதன்பிறகு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருபத்தேழு வருடம் இருந்தார்தான். ஆனால் அதை அவர் உத்தியோகக் கணக்கில் சேர்ப்பதில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றவர் கதை சொல்வதுபோலத்தான் சொல்லுவார்.

“செக் ஏழு வகை, ஆளும் ஏழு வகை” என்பார். “செக்கை என்ரை கையிலை தாங்கோ. எழுதினவன்ரை முகத்தை நான் பாக்கத் தேவையில்லை. அவன் பெண்சாதியோடை எப்பிடி, அண்ணன் தம்பியோடை எப்பிடி, கடைசியிலை கட்டிலிலை கிடந்து ஆரைத் தேடுவான் எண்டதுவரைக்கும் சொல்லுவன்.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. கேட்டவர்களும் சிரித்ததில்லை.

இந்த ஞானத்துக்கு லண்டனில் பெரிய தேவை இருந்தது. எங்கள் சனத்தின் கலியாணங்களில் சாத்திரம் சொல்லாத ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டிய மறுநாள் மத்தியானம், பெண் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்வலப் உடைப்பது. ஒருவர் உடைப்பார், உடைத்தவரே வாசிப்பார், இன்னொருவர் கொப்பியில் எழுதுவார். யார், எவ்வளவு. நாளைக்கு அந்த யார் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது அந்த எவ்வளவுக்குக் குறையாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஐயர் மந்திரத்தில் ஒரு வரியை விழுங்கினால் ஒருவருக்கும் தெரியாது. கொப்பியில் ஒரு வரி விழுந்துபோனால் இரண்டு குடும்பம் பேச்சு வார்த்தை இல்லாமல் போகும்.

காசாக வருவதை எவரும் எண்ணலாம். காசோலையாக வருவதை வாசிக்கத் தில்லையம்பலம் வேண்டும். குட்மேய்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினெட்டு வருடமாக அந்தக் கதிரை அவருடையது. பால்கட்டியை வெட்டுகிற சின்னக் கத்தியால் என்வலப்பின் வாயைக் கீறி, காசோலையை வெளிச்சத்துக்குப் பிடித்து, அவர் சொல்லத் தொடங்கினால் சமையலறையில் நிற்கும் பெண்களும் கை துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

“இது பின்திகதி. அடுத்த மாதம் பதினைஞ்சாந் திகதி போட்டிருக்கு. சம்பளம் வந்தாப்போலை மாத்தட்டாம். ஆள் கெட்டவனில்லை, ஆனா எல்லாம் நாளைக்குத்தான். நாளைக்குச் சாகிறதெண்டாலும் திகதி பின்னுக்குப் போட்டுத்தான் சாவான்.”

“இது காலாவதி. போன வருசத்துத் திகதி. ஆருக்கோ எழுதி, குடுக்க மனமில்லாமல் வைச்சிருந்து, பேரை வெட்டித் தந்திருக்கிறார். கனகம், உவரைத்தானே நீர் நல்ல மனிசன் எண்டு சொல்லுறனீர்?”

கனகம் என்பது அவருடைய மனைவி கனகாம்பிகை. எல்லா மேசையிலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பார். தலையை மட்டும் ஆட்டுவார்.

குறுக்குக் கோடிட்ட காசோலைக்காரரை நம்பலாம், ஆனால் நெருங்கிப் பழகினால் கணக்கில் போடுவார்கள். கொண்டுபோகிறவனுக்கே காசு கொடுக்கும் காசோலை இந்த நாட்டில் இல்லை. அதனால்தான் இந்த நாட்டில் தாராள மனமும் இல்லை. தொகை எழுதாத வெற்றுக் காசோலையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறவன் முட்டாள், கொடுக்காதவன் தகப்பன். வங்கியில் காசில்லாமல் திரும்பி வரும் காசோலைக்காரன் விழுந்தவன். விழுந்தவனுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு, அவன் நடக்க முயன்றிருக்கிறான். இப்படி ஆறு வகையையும் சொல்லிமுடித்து, தண்ணீர் ஒரு மிடறு குடித்து, ஏழாவதுக்கு வருவார்.

ஏழாவது வகை, கையெழுத்தில்லாத காசோலை. திகதி இருக்கும், பேர் இருக்கும், தொகை எழுத்திலும் இலக்கத்திலும் இருக்கும், கையெழுத்து மட்டும் இருக்காது. அதற்கு அவர் வைத்த பேர் ஊமைச் செக்.

“அவன் விழேல்லை. விழுந்தமாதிரிப் படுத்திருக்கிறான். திரும்பி வாற செக்கிலை வறுமை இருக்கு. ஊமைச் செக்கிலை கள்ளம் மட்டும்தான் இருக்கு. என்ரை பேனையாலை எழுதின ஒரு செக் இண்டைவரைக்கும் திரும்பி வந்ததில்லை. அப்பிடி ஒரு நாள் வந்தாலும் வரட்டும். ஊமைச் செக் எழுத முன்னம் கையை வெட்டிப்போடுவன்.”

இவ்வளவும் ஏட்டுப் படிப்பாகத்தான் இருந்தது, ஜெராட்டின் மகள் ஷெறோனுடைய கலியாணத்துக்கு மறுநாள்வரை.

ஜெராட் டாக்ஸி ஓட்டுகிறவர். சத்தமான மனிதர். அவருடைய மேசையில் அன்று இருபது பேராவது இருந்தார்கள். புதுப் பெண் ஷெறோன் ஹை றோட்டில் உள்ள வங்கிக் கிளையில் வேலை செய்பவள். கொப்பி எழுதுவது அவளேதான். நூற்றிப் பதினோராவது என்வலப்பைத் தில்லையம்பலம் கீறினார். காசோலையை வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள், மனிதனுக்கு மகிழ்ச்சி என்பது இதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

“ஏழாவது” என்றார்.

ஐந்நூற்றியொரு பவுண்ஸ். எழுதியவர் சேகர்.

சேகரை எல்லோருக்கும் தெரியும். தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவர். விரல் பத்திலும் தழும்பு. நின்றாலும் நடந்தாலும் கொஞ்சம் குனிந்தபடி. முன்பு சேகரின் மகள் மேனுஷா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ஜெராட் ஐந்நூற்றியொன்று போட்டிருந்தார். கொப்பிப்படி சேகர் அதைத் திருப்பவேண்டும். திருப்பியிருந்தார். கையெழுத்து மட்டும் இல்லை.

“விடுங்கோ அண்ணை, மறந்திருப்பான்” என்றார் ஜெராட். அந்த வீட்டில் அன்று சொல்லப்பட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு ஜெராட்டும் சுவாரசியத்தில் இழுபட்டுப் போனார்.

“மறந்தவனெண்டால் கேட்டால் தெரிஞ்சுபோகும்” என்று தில்லையம்பலம் தன் கைத்தொலைபேசியை மேசையின் நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைத் திறந்துவிட்டு, சேகருக்கு அடித்தார்.

மறுமுனையில் முதலில் மீன் அறுக்கும் இயந்திரம் கேட்டது. பிறகு அது நின்றது.

“ஹலோ?”

“சேகர், நான் தில்லையம்பலம் கதைக்கிறன். ஜெராட் வீட்டிலை இருக்கிறம்.”

“சொல்லுங்கோ அண்ணை. கலியாணம் நல்ல வடிவா நடந்தது.”

“ஓம் ஓம். உம்மடை செக்கிலை கையெழுத்தைக் காணேல்லை.”

கடையில் யாரோ விளைமீன் என்ன விலை என்று கேட்பது கேட்டது.

“மறந்துபோனன், அண்ணை.”

“மறந்துபோனீர்.” தில்லையம்பலம் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “திகதியை மறக்கேல்லை. ஷெறோன்ரை பேரை மறக்கேல்லை, மாப்பிள்ளையின்ரை பேரையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர். ஐந்நூற்றி ஒண்டை எழுத்திலையும் மறக்கேல்லை, இலக்கத்திலையும் மறக்கேல்லை. பிறகாலை ஒருத்தரும் கூட்டி எழுதாமல் ‘ஒன்லி’ எண்டு ஒரு கோடும் இழுத்திருக்கிறீர். உம்மடை சொந்தப் பேர் மட்டும் மறந்துபோச்சோ? அம்மா அப்பா வைச்ச பேரல்லோ!”

இருபது பேரும் சிரித்தார்கள். வாயைப் பொத்திச் சிரித்தவர்களும் சிரித்தவர்கள்தான். ஷெறோன் பேனையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

“பின்னேரம் வாறன் அண்ணை” என்றது தொலைபேசி. இயந்திரம் மறுபடியும் கேட்கத் தொடங்கியது.

பின்னேரம் வந்தார். ஜெராட் வீட்டுக்கு அல்ல, தில்லையம்பலம் வீட்டுக்கு. இருபது பவுண்ஸ் தாள் இருபத்தைந்து, ஒரு ஒற்றைப் பவுண் குற்றி. தாள்களில் மீன் மணம். கதவடியில் நின்றபடியே, வேறு எவருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னார்.

“உங்களுக்கு மறைக்கிறதுக்கு என்ன அண்ணை. கணக்கிலை அறுவது பவுண்ஸ்தான் கிடந்தது. கையெழுத்து வைச்சால் திரும்பி வரும். கலியாணப் பிள்ளைக்கு முதல் வாற செக் திரும்பி வந்தால் அது சரியில்லைத்தானே. கையெழுத்தில்லாட்டி ஆருக்கும் நட்டமில்லை. அவை ரெண்டு கிழமை செல்லத்தான் பாங்க்குக்குப் போவினம், போய் எனக்கு ஃபோன் அடிப்பினம், அதுக்குள்ளை காசைப் பிரட்டிக் கையிலை குடுத்திடலாம் எண்டு நினைச்சன். இப்ப மனிசியின்ரை காப்பை வித்திட்டு வாறன். இது உங்களோடை இருக்கட்டும்.”

“என்னோடை இருக்கும்” என்றார் தில்லையம்பலம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது பக்கத்து ஊர் இல்ஃபோர்ட்வரை போயிருந்தது. காப்பு எத்தனை கிராம் என்பதுகூட.

பேர் நிலைத்துவிட்டது. ஊமைச் செக் சேகர். மீன் கடையில் வரிசையில் நிற்பவர்கள், “சேகர், இந்த அறக்குளாவுக்குத் தலை இருக்கோ, இல்லைத் தலையை மறந்திட்டீரோ?” என்று கேட்டார்கள். அவர் தலையையும் சேர்த்துப் பொதி கட்டிக் கொடுத்தார். வருடக்கணக்காக இருந்த சீட்டுக் குழுவில் அவரை அடுத்த சுற்றுக்குச் சேர்க்கவில்லை. அவருடைய மனைவி கோயிலுக்கு வருவதை விட்டார். மேனுஷா சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வரவுப் பதிவில் அவள் கையெழுத்து வைக்கிற நேரமாகப் பார்த்துப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் பின்னால் வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆறாவது சனிக்கிழமை அவள் வரவில்லை.

தில்லையம்பலம் இதை ஒரு விதியாகவே ஆக்கிவிட்டார். எந்த வீட்டு மேசையிலானாலும் ஊமைச் செக் அகப்பட்டால் அந்த இடத்திலேயே தொலைபேசி அடிக்கவேண்டும், சத்தத்தைத் திறந்துவிட்டு. பிறகு இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர் உண்மையாகவே மறந்தவர். அவருக்கும் அடித்தார்கள். விதி என்றால் விதி.

மூன்று வருடத்தின் பின் தில்லையம்பலத்தின் ஒரே மகள் அஜந்தாவுக்குக் கலியாணம். சேகருக்கும் கார்ட் போனது, விடுபட்டுப்போனால் ஊர் கதைக்கும் என்று. மறுநாள் தன் வீட்டு மேசையில், தன் மகளின் என்வலப்புகளைத் தானே உடைக்கிற பெருமையில் தில்லையம்பலம் இருந்தபோது, சேகரின் என்வலப் வந்தது. எல்லோரும் தொலைபேசியைப் பார்த்தார்கள்.

உள்ளே இருந்தது வங்கி வரைவு. காசை முன்னதாகவே வங்கிக்குக் கட்டி, வங்கி தன் பொறுப்பில் எழுதித் தருவது. திரும்பி வரவே முடியாத காசோலை. ஆயிரத்தொரு பவுண்ஸ்.

“இஞ்சை பாருங்கோ!” என்றார் தில்லையம்பலம். “இதிலையும் மனிசன் கையெழுத்து வைக்கேல்லை! பாங்க்காரன்தான் வைச்சிருக்கிறான்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அவர் நியாயஸ்தர். “திருந்தீட்டான்” என்று சேர்த்துச் சொன்னார். “அண்டைக்கு அந்த ஃபோனை நான் அடிச்சிருக்காட்டி இவன் திருந்தியிருப்பானோ?”

கனகாம்பிகை மட்டும் தலையை ஆட்டாமல், “இந்தக் காசை நாங்கள் அவன்ரை பெட்டையின்ரை கலியாணத்துக்குத் திருப்பவேணுமல்லே” என்றார்.

“திருப்பினால் போச்சு.”

அந்த ஆயிரத்தொன்றுக்காகச் சேகர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மீன் வெட்டினார் என்பதை அந்த மேசையில் எவரும் கணக்குப் பார்க்கவில்லை. அது கொப்பியில் எழுதும் கணக்கு அல்ல.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தில்லையம்பலத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு என்றது ஒரு இளம் குரல். நல்ல பணிவான ஆங்கிலம். வார்த்தைக்கு வார்த்தை ‘சேர்’ என்ற மரியாதை. சேருடைய கணக்கில் யாரோ ஒரு போலிக் காசோலையை மாற்றப் பார்க்கிறார்கள், சேர்.

“என்ன வகைக் காசோலை?” என்று கேட்டார் தில்லையம்பலம்.

பையன் திகைத்தான். வகை இருக்கிறதா, சேர்? அதன்பிறகு இருபத்தைந்து நிமிடம் தில்லையம்பலம் ஏழு வகையையும் விளங்கப்படுத்தினார். பையன் இடையிடையே வியந்தான். எங்கள் பிரிவில் இதை அறிந்த ஒருவர்கூட இல்லை, சேர். பெற்றோல் நிலையத்தில் இருபத்தேழு வருடத்தில் அவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில், சேரின் பணத்தை உடனே ஒரு பாதுகாப்பான கணக்குக்கு மாற்றிவிடலாமா என்று பையன் கேட்டபோது, அது மிகச் சரியான நடவடிக்கை என்று தில்லையம்பலமே அவனுக்குச் சொன்னார். நாற்பத்து மூவாயிரம் பவுண்ஸ். ஓய்வூதியமாக மொத்தமாய் எடுத்த காசு. பதினொரு நிமிடம் எடுத்தது. காசோலை எதுவும் எழுதவேண்டி வரவில்லை. அதனால்தான் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

ஏமாந்தது இரண்டு நாள் கழித்து விளங்கியது. வங்கிக்கு ஓடினார். முறையிட்டால் காசு திரும்பக் கிடைக்க வழியுண்டு என்பது அவருக்குத் தெரியும். வரிசையில் நின்றார். முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஷெறோன்.

“அங்கிள்! எவ்வளவு நாள் உங்களைக் கண்டு! சொல்லுங்கோ, என்ன வேணும்?”

அவர் வாயைத் திறந்தார். இவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்த சிரிப்பு அவருக்கு நினைவிருந்தது. இவளுக்குச் சொன்னால் பின்னேரத்துக்குள் ஜெராட்டுக்கு. ஜெராட்டின் டாக்ஸியில் ஏறினால் ஞாயிறுக்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூயிஷாம், டூட்டிங்வரை. ஒரு கதை எவ்வளவு வேகத்தில் போகும் என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை.

“ஒரு புதுச் செக் புத்தகம்” என்றார்.

கனகாம்பிகைக்கும் சொல்லவில்லை. காசு நிலையான வைப்பில் கிடக்கிறது, தொட்டால் வட்டி போகும் என்று சொல்லி, வீட்டு ஹீட்டரின் சூட்டைக் குறைத்து இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்தினார். அஜந்தாவிடம் கேட்பது நினைத்தே பார்க்க முடியாதது. அவளுடைய மாமியார் என்வலப் மேசைகளில் தவறாமல் இருக்கிறவர்.

வைகாசியில் சேகர் வந்தார். தட்டில் வெற்றிலை, மேலே கார்ட். மேனுஷாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை ரெயில்வேயில் எஞ்சினியர். சேகர் இப்போதும் குனிந்தபடிதான் இருந்தார்.

“கட்டாயம் வரவேணும் அண்ணை. அக்கா, நீங்களும். இன்னொண்டு அண்ணை. அடுத்த நாள் என்வலப் உடைக்கிறதுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறன்.”

தில்லையம்பலம் அந்த முகத்தில் நக்கலைத் தேடினார். மீன் வெட்டுகிறவர்களின் முகத்தில் ஒன்றும் தெரியாது.

“நானோ? வேறை ஆரும்…”

“உங்களை விட்டால் ஆர் அண்ணை? செக்கைப் பாத்து ஆளைச் சொல்லுறது நீங்கள்தானே.”

அவர் போன பிறகு கனகாம்பிகை அஜந்தாவின் கலியாணக் கொப்பியை எடுத்துவந்து பக்கத்தைத் திறந்து வைத்தார். அன்று தில்லையம்பலம் தானே வாசித்துச் சொன்ன வரி. சேகர் குடும்பம், 1001.

கணக்கில் இருநூற்றிப் பன்னிரண்டு பவுண்ஸ் கிடந்தது.

அவர் பல நாள் யோசித்தார். போகாமல் விடலாம், என்வலப் உடைக்கிறவர் என்வலப் கொடுக்காமல் விட்டார் என்று சொல்லுவார்கள். ஐம்பத்தொன்று போடலாம், ஆயிரத்தொன்று வாங்கிய வாய் ஐம்பத்தொன்றைச் சத்தமாய் வாசிக்கவேண்டும். கையெழுத்து வைத்த காசோலை திரும்பி வரும்; பேரோடு, காரணத்தோடு, சேகரின் பிள்ளையின் கையில் வரும். யாரிடமாவது கைமாற்றாக வாங்கலாம். ஏன் என்று கேட்பார்கள்.

அப்போதுதான் ஒன்று அவருக்குப் பட்டது. ஊமைச் செக் கொடுப்பவன் ஏன் அகப்படுகிறான்? அதைத் தில்லையம்பலம் உடைப்பதால். இந்த என்வலப்பை உடைக்கப் போவதும் தில்லையம்பலம்தான். வாசித்து, குப்புறக் கவிழ்த்து, மற்றக் காசோலைகளுக்குள் செருகிவிட்டால் வேறு எவரும் பார்க்கப்போவதில்லை. முடிவில், “எல்லாச் செக்கையும் நானே பாங்க்கிலை போட்டுவிடுறன், உங்களுக்கு ஏன் அலைச்சல்” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், பிறகு கிழமைக்குக் கிழமை மிச்சம் பிடித்து எப்படியாவது கட்டிவிடலாம். ஆருக்கும் நட்டமில்லை. லண்டன் முழுவதிலும் ஊமைச் செக்கைப் பயமில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரே மனிதன் அவர்தான். அவருடைய பேனையால் எழுதிய காசோலை ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்ற சாதனையும் முறியாது.

கலியாணத்தன்று காலை, பட்டு வேட்டியோடு மேசையில் இருந்து எழுதினார். திகதி. மேனுஷாவின் பேர், மாப்பிள்ளையின் பேர். ஆயிரத்தொன்று, எழுத்தில், இலக்கத்தில். ஒன்லி, ஒரு கோடு. வங்கியே அச்சடித்த குறுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில், பழைய பழக்கத்தில், தானும் இரண்டு கோடு கீறினார். பேனையை மூடினார்.

“எழுதிட்டியளே?” என்று அறைக்குள்ளிருந்து கனகாம்பிகை கேட்டார். “கையெழுத்து வைச்சியளே? ஐயோ, உங்களுக்குப் போய்ச் சொல்லுறன்.”

மறுநாள் மத்தியானம் சேகரின் சின்ன வீட்டில் மேசையைச் சுற்றி நெருக்கம். ஜெராட் வந்திருந்தார். ஷெறோன் கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். கனகாம்பிகை வழக்கமான இடத்தில். சேகர் கொப்பியோடு எதிரே இருந்தார். கையில் புதுப் பேனை. மேனுஷா மருதாணிக் கையோடு கதவு நிலையில் சாய்ந்திருந்தாள்.

தில்லையம்பலம் அன்று அதிகம் கதைக்கவில்லை. “என்ன அண்ணை, இண்டைக்கு ஆளைச் சொல்லேல்லை?” என்று ஜெராட் இரண்டு தரம் கேட்டார். “தொண்டை சரியில்லை” என்றார். பின்திகதி ஒன்று வந்தது, விட்டுவிட்டார். நாற்பதாவதோ நாற்பத்தோராவதோ தன்னுடைய என்வலப். கத்தியை வைத்துக் கீறினார். வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை.

“தில்லையம்பலம் குடும்பம். ஆயிரத்தொண்டு.”

“ஓ!” என்றது மேசை. கனகாம்பிகை நிமிர்ந்து இருந்தார். காசோலை கவிழ்ந்து, மற்றவற்றுக்கு நடுவில் போனது. சேகர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார்.

கடைசி என்வலப் முடிந்தது. தில்லையம்பலம் காசோலைகளைச் சேர்த்துத் தட்டி அடுக்கினார்.

“தம்பி, இதுகளை நானே நாளைக்குப் பாங்க்கிலை—”

“வேண்டாம் மாமா” என்று மேனுஷா வந்து அடுக்கைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். “இப்ப பாங்க்குக்குப் போகத் தேவையில்லை. ஃபோனிலை படம் எடுத்தாக் காணும், நேரை எக்கவுண்டுக்குப் போயிடும். இருங்கோ, இஞ்சையே போட்டுவிடுறன்.”

இந்த வகையைத் தில்லையம்பலம் படித்திருக்கவில்லை.

அவள் ஒவ்வொன்றாக மேசையில் விரித்துப் படம் எடுத்தாள். டிக். டிக். ஷெறோன் பக்கத்திலிருந்து, “வெளிச்சம் காணாது, கொஞ்சம் இஞ்சாலை” என்று உத்தியோகத் தோரணையில் உதவினாள். தில்லையம்பலம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டிக்குக்குப் பிறகு அடுத்தது கேட்கவில்லை.

“அப்பா” என்றாள் மேனுஷா. “ஒண்டிலை கையெழுத்து இல்லை.”

“ஆர்? ஆர்?” ஜெராட் கதிரையோடு முன்னால் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். “ஏழாவது! அண்ணை, ஏழாவது! கன நாளைக்குப் பிறகு! அடியுங்கோ ஃபோனை! சேகர், நீர் அடியும், உம்மடை வீடு, உம்மடை உரிமை!”

சேகர் மகளின் கையிலிருந்து காசோலையை வாங்கினார். தழும்பு விரலால் விளிம்பைப் பிடித்து, தில்லையம்பலம் பிடிப்பதைப் போலவே வெளிச்சத்துக்குப் பிடித்தார். நிறைய நேரம் பார்த்தார். ஒருவர் பேரையும் வாயால் சொல்லவில்லை. காசோலையைக் கவிழ்த்து வைத்தார். தன் தொலைபேசியை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். பேர்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். சத்தத்தைத் திறந்துவிட்டார். அழுத்தினார்.

தில்லையம்பலத்தின் சட்டைப் பைக்குள் கோயில் மணி அடித்தது.

முதலில் ஜெராட் சிரித்தார். இரண்டு அழைப்பு ஒரே நேரத்தில் வந்துவிட்டதாக நினைத்தார். மணி நிற்கவில்லை. ஜெராட்டின் சிரிப்பு நின்றது. ஷெறோன் பிள்ளையை மடியில் மாற்றி இருத்தினாள். கனகாம்பிகை கணவனின் சட்டைப் பையைப் பார்த்தார், மேசைத் தொலைபேசியைப் பார்த்தார், மறுபடியும் சட்டைப் பையைப் பார்த்தார்.

விதி என்றால் விதி. தில்லையம்பலம் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

“ஹலோ?”

“அண்ணை, சேகர் கதைக்கிறன்” என்றார் மேசைக்கு எதிரே இருந்த சேகர். அவர் குரல் ஒரு தரம் வாயிலிருந்தும் ஒரு தரம் தில்லையம்பலத்தின் காதுக்குள்ளும் கேட்டது. “வீட்டிலை இருக்கிறம். உங்கடை செக்கிலை கையெழுத்தைக் காணேல்லை.”

இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தில்லையம்பலம் கொஞ்சம் குனிந்தார்.

“மறந்துபோனன், தம்பி” என்றார், மெதுவாக. மேசை நடுவிலிருந்த தொலைபேசி அதை எல்லோருக்கும் கேட்கச் சொன்னது.